மரத்துக்கும் ஒரு பதிவேடு: காரைக்குடி அருகே ஒரு தேக்குப் பட்டறை

திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டிற்கு ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை ஒன்றும், அதற்கு இரண்டு பெஞ்சுகளும், ஒரு கட்டிலும் தேவைப்பட்டன. தேக்கில்தான் செய்ய வேண்டும் என்பது என் மாமியாரின் விருப்பம். அந்தத் தேக்கு எங்கே வளர்ந்தது, யார் வெட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டாவது விருப்பத்தை நிறைவேற்றுவது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை. திருச்சியிலும் மதுரையிலும் எட்டுக் கடைகளில் ஏறி இறங்கினேன். "முதல் தரத் தேக்கு", "ஒரிஜினல் பர்மா", "நிலம்பூர் மரம்" என்று பெயர்கள் மட்டும் தாராளமாகக் கிடைத்தன. அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரு காகிதத்தைக்கூட எந்தக் கடையும் காட்டவில்லை. நான் கேட்டது விலையைக் குறைப்பதற்கான சாக்கு என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாவதாகச் சென்றது காரைக்குடிக்கு அருகில் உள்ள ஒரு மரப் பட்டறை. அங்கே வாங்கிய பொருள்களைப் பத்து மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம் என்பதால், இப்போது எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டறையின் நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மேசையின் அழகைவிட, மரம் அங்கே வந்து சேர்ந்த வழியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

பட்டறையில் மூன்று கொட்டகைகள் உள்ளன. முதல் கொட்டகையில் உள்ளது உழவர்களின் பட்டா நிலத்தில் வளர்ந்த தேக்கு. இதை அங்கே நாட்டுத் தேக்கு என்கிறார்கள். இரண்டாவதில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து வந்த உத்தரங்களும் கைமரங்களும் கிடக்கின்றன. மூன்றாவதில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் இறக்குமதிப் பலகைகள் இருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் இம்மூன்றும் அறுத்து இழைத்து மெருகேற்றிய பிறகு "தேக்கு" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. இங்கே கொட்டகையும் தனி, விலையும் தனி, பில்லிலும் தனித்தனியாக எழுதுகிறார்கள். இந்தப் பட்டறையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

நாட்டுத் தேக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பதிவேடு ஒரு சாதாரண நீளக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், நடுச் சுற்றளவு, நீளம், ஊர், வாங்கிய தேதி ஆகியவை எழுதப்பட்டுள்ளன. மரம் பட்டா நிலத்தில் வளர்ந்தது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றின் நகலும், அதை வண்டியில் ஏற்றிச் செல்லப் பெற்ற அனுமதிச் சீட்டின் நகலும் அதே பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் வெட்டிய மரத்தின் போக்குவரத்தை 1968ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமான அனுமதிச் சீட்டு முறை இணையவழியில் தொடங்கப்பட்டது. இந்தக் காகிதங்கள் எல்லாம் தடிமரமாக இருக்கும்வரை மரத்தோடு பயணம் செய்கின்றன. அறுவை மில்லில் பலகையானதும் அந்த உறவு அறுந்துவிடுகிறது. இந்தப் பட்டறையில் அதை அறுபடவிடாமல், மரத்தின் எண்ணை ஒவ்வொரு பலகையின் முனையிலும் சிவப்பு வண்ணத்தில் எழுதிவிடுகிறார்கள். செலவே இல்லாத இந்த எளிய பழக்கத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எங்கள் மேசைக்கான பலகைகளில் 4, 7 என்ற இரண்டு எண்கள் இருந்தன. பதிவேட்டைப் புரட்டியபோது, அவை பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரே உழவரின் தோப்பு ஓரத்தில் நின்று, கஜா புயலில் சாய்ந்த மரங்கள் என்று தெரிந்தது. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையோடு பலாவையும் தேக்கையும் சேர்த்தே சாய்த்தது. பட்டறைக்காரர் அப்போது பதினொரு தடிமரங்களை வாங்கி, 2019இல் அறுத்து, பலகைகளுக்கு இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நிழலில் உலர்ந்த பலகை என்பதால் மேசையில் இதுவரை வளைவோ பிளவோ இல்லை. அந்தத் தோப்பின் உழவருக்கு அது எப்படிப்பட்ட காலை என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்த மேசையில் முதல்நாள் இலை போட்டோம்.

புயல் மரம் என்பதால் அது தானாகவே நியாயமான மரம் ஆகிவிடாது. எல்லாருடைய மரமும் ஒரே நாளில் விழும்போது, வாங்குபவர் சொல்வதே விலை. "அப்ப என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, கஷ்டத்துல இருந்தாங்க, நாங்களும் கையில இருந்ததக் கொடுத்தோம்" என்றார் உரிமையாளர். பதிவேட்டில் ஊர் இருக்கிறது, அளவு இருக்கிறது, விலை இல்லை. மரம் காட்டைக் கெடுக்காமல் வந்ததா என்பதைப் போலவே, அதை வளர்த்தவருக்கு உரிய பணம் போனதா என்பதும் எனக்கு முக்கியம். முதல் கேள்விக்கு எனக்கு முழு விடை கிடைத்தது, இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் அளவு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடிமரத்தின் கன அளவை மர வணிகத்தில் கணக்கிடும் பழைய வழி, நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவது. ஒரு மீட்டர் சுற்றளவும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள மரம் இந்தக் கணக்கில் சுமார் 6.6 கன அடி வரும். உண்மையான உருளைக் கணக்கில் அதே மரம் சுமார் 8.4 கன அடி இருக்கும். அறுக்கும்போது கழிவு போகும் என்பதால் வாங்குபவர்கள் இந்த முறையை நியாயப்படுத்துகிறார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் மரம் வளர்த்த பலருக்குத் தம் மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வராமல் போகிறது என்பது தெரியாது. இன்று நாம் வாங்கும் பட்டா நிலத் தேக்கில் ஒரு பகுதி, 1990களில் தேக்கு நட்டால் லட்சங்கள் கிடைக்கும் என்ற விளம்பரங்களின் காலத்தில் நடப்பட்டது. தோட்டத் திட்டங்களில் பணம் போட்டவர்கள் பலர் அதை இழந்தார்கள். 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. திட்டங்களை நம்பாமல் சொந்த வரப்பில் பத்து இருபது கன்றுகளை வைத்தவர்களின் மரங்கள்தான் இப்போது வெட்டும் வயதுக்கு வந்திருக்கின்றன. அவர்களுக்குச் சரியான விலை கிடைக்காவிட்டால் அடுத்த கன்றை யாரும் நடப்போவதில்லை.

பட்டா நிலத் தேக்கு ஏன் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே காரணங்கள் உண்டு. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால்தான். அப்படிக் காலியாகிக்கொண்டிருந்த காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மீண்டும் தேக்கை வளர்த்தெடுத்தார். அவருடைய கல்லறை அங்கேயே, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத் தொழில்கள் தங்களுக்குத் தேவையான மரத்தைக் காட்டிலிருந்து அல்லாமல் உழவர்களிடமிருந்து பெற வேண்டும் என்றது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் நடந்த வெட்டை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, மத்திய அரசு ஏற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்று நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது. ஆகவே இன்று காரைக்குடியிலோ திருச்சியிலோ ஒருவர் "காட்டுத் தேக்கு" என்று பெருமையாகச் சொன்னால், அது பாராட்ட வேண்டிய செய்தி அன்று. விசாரிக்க வேண்டிய செய்தி.

வனத்துறையின் தேக்கைச் சட்டப்படி வாங்கும் வழியும் இருக்கிறது. கேரள வனத்துறையின் மரக் கிடங்குகளில் தோட்டத் தேக்கு ஏலத்தில் விற்கப்படுகிறது. நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கானலியின் முயற்சியாலும் அவருக்குக் கீழ் பணியாற்றிய வன அலுவலர் சாத்து மேனனின் உழைப்பாலும் தொடங்கிய தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழையவற்றுள் ஒன்று. நிலம்பூர்த் தேக்கு இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அங்கிருந்து வரும் மரத்தில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை இருக்கும், ஏலச் சீட்டு இருக்கும். நான் போன எட்டுக் கடைகளில் மூன்றில் நிலம்பூர் மரம் என்று சொன்னார்கள். ஏலச் சீட்டைக் கேட்டதும் பேச்சு மாறியது. இந்தப் பட்டறைக்காரர் "நிலம்பூர் மரம் எங்ககிட்ட இல்லம்மா, அந்த விலைக்கு இங்க ஆள் இல்ல" என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நாட்டுத் தேக்கின் உண்மையான பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது, இருபத்தைந்து ஆண்டு மரத்தில் வைரம் என்னும் முதிர்ந்த நடுப்பகுதி குறைவு, அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிப்புற வெள்ளை அதிகம். கறையானையும் பூஞ்சையையும் எதிர்க்கும் பொருள்கள் தேக்கின் வைரத்தில்தான் உள்ளன. வெள்ளைப் பகுதி மற்ற சாதாரண மரங்களைப் போலவே வண்டுக்கு இரையாகும். வேகமாக வளர்ந்தது என்பதாலேயே மரம் வலுவற்றதாகிவிடாது. வைரம் எவ்வளவு தேறுகிறது என்பதுதான் கேள்வி. நேர்மையான பட்டறை வெள்ளையைச் சீவித் தள்ளும், அல்லது பூச்சி அரிக்காமல் காக்கும் போரான் கரைசலில் நனைத்து, கண்ணுக்குப் படாத உட்சட்டங்களுக்குப் பயன்படுத்தி, அதை வாங்குபவரிடம் சொல்லும். எங்களுக்கு வந்த பெஞ்சு ஒன்றில் நீளச் சட்டம் முழுவதும் வெள்ளை. அதற்குப் பழுப்புச் சாயம் ஏற்றி வைரம்போல ஆக்கியிருந்தார்கள். வீட்டில் இறக்கியபிறகு கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏனென்றால் அடிப்பக்கத்துக்குச் சாயம் எட்டவில்லை. தொலைபேசியில் சொன்னதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, பன்னிரண்டு நாளில் வேறு சட்டம் மாற்றிக் கொடுத்தார்கள். இருந்தாலும், மரத்தின் ஊரை இவ்வளவு கவனமாகப் பதிவு செய்யும் ஒரு பட்டறை, அதே மரத்தின் நிறத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கட்டிலைப் பழைய மரத்தில் செய்யச் சொன்னோம். செட்டிநாட்டுப் பட்டறைக்குப் போய்விட்டுப் பழைய பர்மா மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் வர யாராலும் முடியாது. பர்மாவின் நெல் விளையும் கழிமுகத்தில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்கு, அந்த வீடுகளின் தூண்களாகவும் நிலைகளாகவும் உத்தரங்களாகவும் நிற்கிறது; 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்தபோது அந்த வரத்தும் அதற்குப் பின்னிருந்த செல்வமும் ஒருசேர முறிந்தன. அந்த மரத்தின் தரத்துக்குக் காரணம் வயது மட்டும் அன்று. 1856இல் கீழ்ப் பர்மாவின் பெகு காடுகளின் பொறுப்பை ஏற்ற பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன அதிகாரி, குறிப்பிட்ட சுற்றளவை எட்டிய மரங்களை மட்டும் தேர்ந்து, சுழற்சி முறையில் வெட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வெட்டுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கி, மரத்தை நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே காரணம். காட்டில் பொறுமையாக வளர்ந்து, நின்றபடியே உலர்ந்து, யானை இழுக்க ஆற்றில் இறங்கி, பின்பு நூறு ஆண்டுகள் செட்டிநாட்டுக் கூரையின் கீழ் இருந்த மரம் அது. இழைப்புளி ஓடும்போது எழும் அந்த எண்ணெய் வாசம் புது மரத்தில் அவ்வளவாக வராது.

பழைய மரம் என்றால் புதிதாக எந்த மரமும் வெட்டப்படுவதில்லை, ஆகவே அதுவே மிகவும் தூய்மையான வழி என்று பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிப் போனேன். கொட்டகையில் நின்று யோசித்தபோது அந்த நம்பிக்கை சற்றுத் தளர்ந்தது. முதலாவதாக, அந்தத் தேக்கு அன்றும் எளிதான கதையோடு வந்ததில்லை. 1885இல் பிரிட்டன் பர்மாவின் மேல் தொடுத்த மூன்றாவது போருக்குச் சாக்காக அமைந்தது, பம்பாய்–பர்மா வணிக நிறுவனத்துக்கும் மன்னர் தீபாவின் அரசுக்கும் இடையே தேக்கு வெட்டில் எழுந்த வழக்கு. இரண்டாவதாக, இங்கே கிடக்கும் ஒவ்வோர் உத்தரமும் ஒரு வீட்டிலிருந்து கழற்றியது. பங்காளிகள் பலருக்குப் பாகம் உள்ள வீடுகள், பராமரிக்க ஆளில்லாமல் பூட்டிக்கிடந்து, ஒருநாள் மொத்தமாகப் பிரிப்பவர்களுக்கு விற்கப்படுகின்றன. மழையில் கூரை இறங்கிய வீட்டின் மரத்தை எடுப்பது ஒன்று. நிற்கக்கூடிய வீட்டை மரத்தின் விலைக்காகவே பிரிப்பது வேறு. தூணுக்கும் கதவுக்கும் நாம் கொடுக்கும் விலை ஏற ஏற, நிற்கும் வீடுகளின் ஆயுள் குறைகிறது.

"இந்த மரம் எந்த வீட்டோடது?" என்று கேட்டதற்குக் கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னார் உரிமையாளர். வீடு ஏன் பிரிக்கப்பட்டது என்று கேட்டபோது, "பின்கட்டு எல்லாம் விழுந்துபோச்சும்மா, முகப்பு மட்டும்தான் நின்னுச்சு" என்றார். நம்புவதற்குத் தோன்றியது, ஆனால் பதிவேட்டில் பழைய மரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. நாட்டுத் தேக்குக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டினாலும் போதும்: எந்த ஊர், எந்தக் கட்டு, பிரிப்பதற்கு முன் எடுத்த ஒரு படம். நாங்கள் செதுக்கு வேலைப்பாடுள்ள எதையும் வாங்கவில்லை. கைமரங்களை மட்டும் கேட்டோம். ஆணித் துளையும் சுண்ணாம்புத் தடமும் உள்ள, வீடு கட்டுபவர்கள் யாரும் விரும்பாத துண்டுகள். அவற்றை இணைத்துக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் செய்த பெரியவர் ஆசாரி ஒவ்வொரு துளையையும் அதே மரத்தின் சிறு முளையால் அடைத்திருக்கிறார். இரும்பு ஆணி இருந்த இடங்களைச் சுற்றிய கருமையை நீக்க வேண்டாம் என்று நாங்களே சொன்னோம்.

மூன்றாவது கொட்டகையில் எதையும் வாங்கவில்லை. பட்டறையின் மிகப் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடிமர ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்கா அதே ஆண்டு ஏப்ரலிலும் ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிலும் தடை விதித்தன. ஆகவே இன்று ஒருவர் புதுப் பர்மாத் தேக்கு என்று விற்றால், அது ஒன்று பொய்யாக இருக்கும், அல்லது நம் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று அஞ்ச வேண்டியதாக இருக்கும். இந்தப் பட்டறை அதைத் தொடுவதில்லை. அதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். அவர்களிடம் இருப்பவை ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்குப் பலகைகள். ஆனால் அவற்றின் காகிதத்தில் நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. எந்தத் தோட்டம், யாருடைய நிலம், வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டார்களா என்பது எதுவும் இல்லை. மேய்ச்சல் நிலமாகக் கிடந்த இடத்தில் நட்டு வளர்த்து, கணக்கோடு வெட்டிய தேக்கும் கடல் கடந்து வருகிறது. தெற்கு சூடானில் பிரிட்டிஷார் காலத்தில் நடப்பட்டு, 2013இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு நடுவே ஆயுதக்குழுக்களின் கண்காணிப்பில் வெட்டப்பட்டு, உகாண்டா வழியாக வெளியேறிய தேக்கும் இந்தியாவுக்கே வருகிறது. கொட்டகையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

காட்டைப் பொறுப்போடு பேணி எடுத்த மரம் என்று சான்று தரும் பன்னாட்டு அமைப்பான எஃப்.எஸ்.சி.யின் முத்திரை பொறித்த ஒரு பலகை அலுவலக அறையில் தொங்குகிறது. 1993இல் தொடங்கிய அந்த அமைப்பின் சான்று மதிப்புள்ளதே. ஆனால் அது காட்டிலிருந்து கடைசி வேலை முடியும் இடம்வரை, மரம் கைமாறும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிச் சான்று எண் கேட்கும் முறை. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் அதற்கு அப்பால் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பட்டறைக்கு அப்படி எண் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. இறக்குமதி செய்தவரின் பில்லைக் காட்டச் சொன்னேன்; அதிலும் எண் இல்லை, சான்று பற்றிய சொல்லும் இல்லை. "கம்பெனிக்காரங்க கொடுத்தாங்க, மாட்டி வச்சோம்" என்றார் உரிமையாளர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை, அந்தப் பலகை என்ன வாக்குறுதி கொடுக்கிறது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. நான் விளக்கினேன். கட்டில் எடுக்கப் போனபோதும் பலகை அதே இடத்தில் இருந்தது. வாங்கப் போகிறவர்கள் முத்திரையைப் பார்த்து நிறைவடையாமல், பில்லில் சான்று எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை அமைப்பின் இணையத் தேடலில் இட்டுச் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

வேலைத்திறனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது. பொருத்துகள் எல்லாம் கழுந்தும் துளையுமாக இறுக்கமாக அமைந்துள்ளன. மேசைக் காலில் திருகாணியே இல்லை. பளபளக்கும் மெலமைன் பூச்சு வேண்டாம் என்று சொல்லி ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசச் செய்தோம். ஆண்டுக்கு ஒருமுறை நாமே மீண்டும் பூசிக்கொள்ளலாம், பிற்காலத்தில் பலகையைப் பிரித்து வேறொன்று செய்வதற்கும் எளிது. சாம்பார்க் கறை படிகிறது என்பது உண்மை. உடனே துடைத்தால் போகிறது.

மேசைக்கும் பெஞ்சுகளுக்கும் 6.5 கன அடி மரம், கன அடி 2,400 ரூபாய் வீதம் 15,600 ரூபாய்; கூலியும் பூச்சும் 21,000 ரூபாய். கட்டிலுக்குப் பழைய மரம் 6 கன அடி, 4,500 வீதம் 27,000 ரூபாய். கூலி 16,000 ரூபாய். வரியும் வண்டிச் செலவும் தனி. திருச்சிக் கடைகளில் ஊர் பேர் தெரியாத தேக்கு மேசைக்குக் கேட்ட விலையைவிட இது அதிகம் இல்லை. ஒரு கடையைவிடக் குறைவுதான். பதிவேடு வைப்பதால் விலை கூடும் என்ற வாதம் குறைந்தது இந்தப் பட்டறையைப் பொறுத்தவரை பொருந்தவில்லை. சொன்ன நாளுக்கு ஐந்து வாரம் தாமதமாகத்தான் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஆசாரிக்கு உடல்நலமில்லை என்றார்கள்.

மேசையின் அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், 4 என்றும் 7 என்றும் சிவப்பு எண்களை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் குழந்தைகள் அதைக் கண்டுபிடித்து, என்ன எண் என்று கேட்கிறார்கள். அடுத்ததாக இரண்டு நாற்காலிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நாட்டுத் தேக்குதான், வெள்ளைக்குச் சாயம் கூடாது, மரத்தின் எண்ணையும் ஊரையும் பில்லிலேயே எழுதித்தர வேண்டும், உழவருக்குக் கொடுத்த விலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நான்கு நிபந்தனைகள் வைத்தேன். முதல் மூன்றுக்கு உடனே சரி என்றார். நான்காவதற்கு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். தை பிறந்ததும் போய்க் கேட்க வேண்டும்.